நாலு மணி நேர மருந்து

அன்றைய செயற்குழுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் வருமாறு: காற்றாடிக்கு நேர் கீழே, கைவைத்த பிரம்பு நாற்காலியில் தலைவர் கலியாணசுந்தரம். அவருக்கு வலப்பக்கம் மேசை மூலையில் செயலாளர் ஜெயபாலன். இடப்பக்கம் பொருளாளர் சேதுராமன். இவர் தம் நாற்காலியைக் கூட்டத்துக்குக் கூட்டம் வாசற்பக்கமாக நகர்த்தி, இப்போது பாதி உடம்பு கூடத்திலும் மீதி வெளி நடையிலுமாக இருந்தார். சுவரோரப் பெஞ்சில் துணைத்தலைவர் இராமலிங்கம், முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டு. திரைக்கு அந்தப் பக்கம், அடுப்படியில், தலைவரின் மனைவி தெய்வானை. அவர் குழுவில் இல்லை. ஆனால் கூட்டம் நடந்தது அவர் வீட்டில், குடித்தது அவர் போட்ட கோப்பி.

மலாக்கா நகரின் காஜா பேராங் தமிழர் நற்பணிச் சங்கம் அன்று எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விஷயம். அடுத்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி நாட்டுக்குச் சுதந்திரம். கோயில் மண்டபத்தில் மெர்டேக்கா விழா. வாழை மரம் யார் கட்டுவது, கொடி யார் தைப்பது என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. யார் பேசுவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருந்ததே இல்லை.

கலியாணசுந்தரம் பூங்கா ராயா தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். ஆனால் ஊர் அவரை அறிந்தது துணியால் இல்லை, பேச்சால். ஒரு கல்யாணத்தில் அவர் வாழ்த்திப் பேசத் தொடங்கி முகூர்த்தமே கையைவிட்டுப் போகப் பார்த்தது. நாதஸ்வரக்காரர் தாமாகவே கெட்டிமேளம் வாசித்து மாப்பிள்ளையைக் காப்பாற்றினார். கோலாலம்பூரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் வரவேற்புரை முடியக் காத்திருந்து தம்பின் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டார். பந்து விளையாட்டுப் பரிசளிப்பில் இருட்டிப்போய், எந்தக் கட்சிக்குக் கோப்பை கொடுத்தார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அப்படிப்பட்டவர் சித்திரைக்குப் பிறகு மாறிவிட்டார். வழக்கம்போல இடி மாதிரிதான் தொடங்குவார். பத்து நிமிஷம் ஆனதும் குரல் மூக்குக்குள் ஏறும், மெலியும், காற்றோடு கலந்துவிடும். இடது கண்ணிமை பாதி இறங்கி நிற்கும். கையை மெல்ல உயர்த்தி, "இத்துடன்" என்பார், உட்கார்ந்துவிடுவார்.

இதை நோய் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. பக்குவம் என்று நினைத்தார்கள்.

"தலைவருக்கு இப்பத்தான் பேச்சு கனிஞ்சிருக்கு," என்று சேதுராமன் தம் மளிகைக்கடையில் எல்லாரிடமும் சொன்னார். "முந்தி காதுக்குப் பேசுவாரு, இப்ப மனசுக்குப் பேசுறாரு. அந்தக் கண்ணைப் பாத்தீங்களா? பாதி மூடியும் மூடாம. சாமியாரு மாதிரி."

அன்றைய கூட்டத்திலும் அதுவே நடந்தது. கலியாணசுந்தரம் மெர்டேக்காவின் அருமையைப் பற்றி எடுத்து, மூன்றாவது வாக்கியத்திலேயே குரல் இறங்கி, நின்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு ஜெயபாலனைப் பார்த்து, தெளிவாக, "இந்தத் தடவை செயலாளர் பேசட்டும்" என்றார்.

சேதுராமன் அவசரமாக வழிமொழிந்தார். அந்த அவசரத்தில் ஜெயபாலனுக்கு வருத்தம் இல்லை. பதினோரு வருஷமாக அவன் இந்தச் சங்கத்தில் பேசியது நன்றியுரை மட்டும். நன்றியுரை என்றால் எல்லாரும் எழுந்து செருப்புத் தேடும் நேரம். ஊர் மக்களின் முதுகுகளை அவனளவுக்கு அறிந்தவர் மலாக்காவில் கிடையாது. முதல் தடவையாக முகங்களைப் பார்த்துப் பேசப் போகிறான். அன்று சாயங்காலம் சைக்கிளை எடுக்கும்போதே முதல் வரி மனதில் வந்துவிட்டது.

சைக்கிளின் பின்சீட்டை யாரோ பிடித்து நிறுத்தினார்கள். இராமலிங்கம்.

இராமலிங்கம் பக்கத்துச் செட்டிக் கம்பம் என்கிற சிற்றூர்க்காரர். அவர்கள் வீட்டில் சாமி தமிழ்ச்சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு. பல தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த மண்ணோடு கலந்தவர்கள். கம்பத்திலிருந்து ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பதற்காக அவரைத் துணைத்தலைவராக்கினார்கள். கலியாணசுந்தரத்தின் மேடைத் தமிழில் 'வணக்கம்' தவிர அவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் ஒரு கூட்டம் தவறியதில்லை. நகராட்சி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் போக வேறு இடமும் இல்லை.

"சாக்கிட், பாலன்," என்றார் மலாயில். "தியா சாக்கிட். அவருக்கு உடம்பு சரியில்ல."

"யாருக்கு, பாங்?" என்று ஜெயபாலன் மலாய் வழக்கில் அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

பிறகு அவர் தம் வீட்டு மலாயில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். நீங்கள் எல்லாரும் தலைவர் சொல்வதைக் கேட்கிறீர்கள். எனக்கு ஒன்றும் புரியாது. இரண்டு மணி நேரம் நான் என்ன செய்வேன்? முகத்தைப் பார்ப்பேன். பதினோரு வருஷமாக அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது முதலில் இடது கண் விழுகிறது. அப்புறம் கன்னம். அப்புறம் தாடை. உட்கார்ந்து கோப்பி குடித்துக் கொஞ்சம் சும்மா இருந்தால் எல்லாம் திரும்ப எழுந்துவிடுகிறது. வயசு என்றால் இறங்கினது இறங்கினதுதானே, கோப்பிக்குப் பிறகு எப்படி எழும்?

"என்ன வியாதின்னு நினைக்கிறீங்க, பாங்?"

இராமலிங்கம் யோசித்தார். தமிழ் வாய்க்கு ரொம்பக் கனமான பாஷை, அதனால் வந்த களைப்பு, கொஞ்ச நாள் மலாயில் பேசிப் பார்க்கலாம் என்றார்.

இந்தக் கடைசி யோசனையை வைத்து முந்தியதையும் தள்ளிவிட ஜெயபாலனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் பார்த்தபோது கண் அப்படியே விழுந்தது, கோப்பிக்குப் பிறகு அப்படியே எழுந்தது. ஒரு முறை பார்த்துவிட்டால் பார்க்காததுபோல் இருக்க முடியவில்லை. அவனே தெய்வானையிடம் சொன்னான். அந்த வாரமே எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் கருணாகரன் இளவயசுக்காரர், சிங்கப்பூரில் படித்து முடித்து வந்தவர். நோயாளியோடு மூன்று பேரும் ஒரு மனைவியும் அறைக்குள் வந்ததை அவர் தடுக்கவில்லை. கலியாணசுந்தரத்தைக் கூரையைப் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருக்க, இரண்டு இமையும் மெல்ல மெல்ல இறங்கின. பிறகு ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்.

கலியாணசுந்தரம் எண்ணினார். எண்ணுவதிலும் ஒரு எடுப்பு இருந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் கைதட்டலுக்கு இடம் விட்டார். முப்பதில் குரல் மூக்குக்குப் போனது. ஐம்பதில் உதடு மட்டும் அசைந்தது. டாக்டர் அவரைச் சும்மா உட்காரவைத்துவிட்டுத் திரும்ப எண்ணச் சொன்னதும், ஒன்று பழைய இடியாக வந்தது.

"நீங்க எங்க வேலை செய்றீங்க?" என்று டாக்டர் ஜெயபாலனைக் கேட்டார்.

"கப்பல் ஏஜெண்ட் ஆபீசுல கணக்கெழுதுற கிராணி, டாக்டர்."

"நல்லதாப் போச்சு. சொல்றது சுலபம். மலாக்காவுக்கு வர்ற கப்பல் கரை வரைக்கும் வருமா?"

"வராது. ஆழம் பத்தாது. தூரத்துல நங்கூரம் போட்டுடும். தொங்கான் படகு போய்ச் சரக்கை எடுத்துட்டு வரணும்."

"நம்ம உடம்புலயும் அதே கதைதான். நரம்பு கப்பல். தசை கரை. நரம்பு தசையைத் தொடறதே இல்ல, நடுவுல ஒரு சின்னக் கடல். மூளை அனுப்புற உத்தரவு நரம்புல மின்சாரம் மாதிரி ஓடி வந்து நுனியில நிக்கும். நின்னதும் நுனியிலேர்ந்து ஆயிரக்கணக்குல தொங்கான் கிளம்பும். அசிட்டில்கொலின்னு ஒரு ரசாயனம். அந்தக் கரையில அதுக்குன்னே கட்டின துறைங்க இருக்கு. தொங்கான் துறையில வந்து கட்டின உடனே, துறையோட இருக்கிற மதகு திறக்கும். வெளிய இருக்கிற உப்புச் சத்து தடதடன்னு உள்ள பாயும். அந்தப் பாய்ச்சல்ல தசையில புதுசா மின்சாரம் பிறக்கும், தசை சுருங்கும். கண்ணிமை தூக்கறதும் இப்படித்தான். 'அன்பார்ந்த பெரியோர்களே'ங்கிறதும் இப்படித்தான்."

"இதெல்லாம் எத்தனை நாள்ல நடக்கும்?" என்றார் சேதுராமன். கப்பலில் வரும் துவரம்பருப்புக்காகக் கரையில் காத்துக் கிடந்து பழகியவர் அவர்.

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பல தடவை நடந்து முடிஞ்சிரும்."

ஜெயபாலனுக்கு அந்தத் துறைமுகத்தின் மேல் பொறாமையாக இருந்தது. அங்கே சுங்கக் கிராணி கிடையாது போலிருக்கிறது.

"சரக்கு இறங்கின தொங்கானை அங்கயே உடனே உடைச்சுப் போட்டுருவாங்க," என்று டாக்டர் தொடர்ந்தார். "இல்லாட்டி மதகு மூடாது, அடுத்த உத்தரவு ஏறாது. இப்ப இவருக்கு என்ன சிக்கல்னா, துறையில பாதி வேலை செய்யல. ஏதோ ஒண்ணு மறிச்சுட்டு நிக்குது. என்னன்னு உலகத்துல இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. நரம்பு முதல் தடவை நிறைய தொங்கான் அனுப்பும்; திரும்பத் திரும்பக் கேட்டா கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு அனுப்பும். எனக்கும் உங்களுக்கும் துறை ஏராளமா இருக்கு, குறைஞ்சது தெரியாது. இவருக்குத் தெரியும். தொடக்கத்துல குரல் வரும், போகப்போக நிக்கும். ஓய்வு எடுத்தா திரும்ப வரும்."

சேதுராமன் இதை இராமலிங்கத்துக்கு மலாயில் சொன்னார். கப்பல் நன்றாக இருக்கிறது, துறை கெட்டுவிட்டது என்று இரண்டே வாக்கியம். இராமலிங்கம் ஜெயபாலனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தமிழின் கனம் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

தெய்வானை ஒரு அடி முன்னால் வந்தார். "உப்பு உள்ள போனாத்தான் தசை அசையுமா, டாக்டர்?"

"ஆமாம்மா."

"ரெண்டு மாசமா ரத்தக் கொதிப்புன்னு இவருக்கு உப்பைக் குறைச்சுட்டேன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா," என்றார் டாக்டர். ஆனால் அவர் சொன்ன வேகம் போதவில்லை. அன்று முதல் ஒரு வாரம் கலியாணசுந்தரத்தின் தட்டில் கருவாடு, உப்பு முட்டை, சிஞ்சாலோக் இறால் ஊறுகாய் என்று இருக்கிற உப்பெல்லாம் ஏறியது. மதகு திறக்கவில்லை, தாகம்தான் எடுத்தது.

டாக்டர் ஒரு ஊசி எடுத்துவந்தார். தொங்கானை உடைக்கிற ஆளை இது கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும், தொங்கான்கள் காத்திருந்து காலியான துறையாகப் பார்த்துக் கட்டிக்கொள்ளும் என்றார். ஊசி ஏறியது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. இடது இமை மேலே போனது. கன்னம் நிமிர்ந்தது. கலியாணசுந்தரம் எழுந்தே விட்டார்.

"மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களே, நரம்பு நுனியிலிருந்து நாளெல்லாம் புறப்பட்டு வரும் நல்ல தொங்கான்களே, அவற்றை எதிர்நோக்கிக் காத்துக் கிடக்கும் துறைகளே," என்று தொடங்கினார். மூன்று மாதத்துக் குரல் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. ஜன்னலில் மற்ற நோயாளிகள் கூடினார்கள். கட்டுப்போட்ட காலோடு ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற மலாய்ச் சிப்பந்தி கைதட்டினார். உடல் என்னும் துறைமுகத்தையும் நாடு என்னும் உடலையும் இணைத்து அவர் மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா காலத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, இமை நடுவாக்கியத்தில் இறங்கியது. குரல் பின்னாலேயே போனது. உட்கார்ந்துவிட்டார். தெய்வானை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஊசி எவ்வளவு நேரம் வேலை செய்யும், டாக்டர்?" என்று சேதுராமன் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம்."

சேதுராமனின் முகத்தில் ஒளி பரவியது. "பிரமாதமான மருந்து. இதையே எழுதிக் குடுத்துடுங்க."

"இது சோதிச்சுப் பாக்க மட்டும். தினமும் சாப்பிட மாத்திரை வந்திருக்கு. ஒண்ணு போட்டா நாலு மணி நேரம்."

அறைக்கு வெளியே ஏதோ ஒரு தட்டு விழுந்து உருண்டு ஓய்ந்தது.

"பெராப்பா லாமா?" என்று இராமலிங்கம் கேட்டார், எவ்வளவு நேரமாம் என்று.

"எம்பாட் ஜாம், பாங்," என்றார் சேதுராமன். நாலு விரலையும் காட்டினார்.

இராமலிங்கம் நோயாளிகள் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

மாத்திரை இங்கே கிடையாது, சிங்கப்பூரில் இதற்கென்றே ஒரு பெரிய டாக்டர் இருக்கிறார் என்றார் கருணாகரன். தம் குறிப்பைத் தருவதாகவும், அதோடு நோயாளியின் ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை விவரமாக எழுதி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். எப்போது எது முடிகிறது, மெல்ல முடிகிறதா, விழுங்க முடிகிறதா, மூச்சு எப்படி என்பதைப் பார்த்துத்தான் அவர் அளவு சொல்வார். அளவு கூடினாலும் ஆபத்து. "நல்லா எழுதத் தெரிஞ்சவங்க யாராவது?"

எல்லாரும் ஜெயபாலனைப் பார்த்தார்கள். மலாக்காவில் அவனைப்போல் ஆங்கிலக் கடிதம் எழுதுபவர் குறைவு. இடம், தேதி, பொருள், பத்தி எண் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அன்றிரவே எழுதிவிடுவதாகச் சொன்னான்.

அன்றிரவு இடமும் தேதியும் எழுதினான். மறுநாள் தேதியை மாற்றினான்.

கணக்கு அவனுக்குத் தெரிந்தே இருந்தது. கடிதம் இப்போது போனால் மாத்திரை முப்பத்தொன்றுக்கு முன்னால் வந்துவிடும். மாத்திரை வந்தால் குரல் வரும். குரல் வந்த கலியாணசுந்தரம் மேடையில் இருக்க, செயலாளரைப் பேசச் சொல்வது யார்? ஜெயபாலன் மறுபடி நன்றியுரைக்கும் முதுகுகளுக்கும் திரும்ப வேண்டியதுதான். அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. நல்ல கடிதம் என்றால் விவரம் முழுசாகச் சேர வேண்டும், அரைகுறையாக அனுப்பக் கூடாது என்று மட்டும் சொல்லிக்கொண்டான். விவரம் சேர்க்கப் போகவும் இல்லை. அந்த நேரத்தில் பேச்சு வளர்ந்தது. ஆபீஸ் கிடங்கில் அரிசி மூட்டைகளை நோக்கி நின்று பேசிப் பார்த்தான். மூட்டைகள் கடைசிவரை எழுந்து போகவில்லை.

ஜெயபாலன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனபோது சேதுராமன் குரலைத் தாழ்த்தினார். "கடுதாசி எழுதியாச்சா, தம்பி?"

"எழுதிட்டிருக்கேன் அண்ணே."

"நிதானமா எழுதுங்க. சிங்கப்பூர் டாக்டரு பெரிய ஆளு, ஒரு விவரம் விட்டுப்போனா தப்பாயிடும். முப்பத்தொண்ணு கழியட்டும்."

"அப்படி நான் சொல்லலியே."

"நீங்க சொல்லல. உங்களுக்காக நான் சொல்றேன்." சேதுராமன் பெருந்தன்மையோடு மண்ணெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினார். "மனுசன் பல வருஷம் பேசிட்டாரு. ஒரு மாசம் ஓய்வு எடுத்தா என்ன குறைஞ்சிடும்?"

புது மாதம் பிறந்து வந்த முதல் சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிகிற நேரத்தில், தெய்வானையே ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, உங்க பேச்சை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வரச் சொன்னாரு. நேத்து ராத்திரி சொன்னது. காலையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல."

"கோவமா இருக்காரா அக்கா?"

"கோவமில்ல. சேத்து வைக்கிறாராம்."

கலியாணசுந்தரம் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இடது இமையைத் தூக்கி, புருவத்தோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. மோவாயை உள்ளங்கை தாங்கியிருந்தது. கொடியில் அவருடைய வெள்ளைக் கோட்டு, தேய்த்து மடிப்புக் கலையாமல் தொங்கியது. அன்றைக்கு ஜெயபாலன் போட்டுக்கொள்ளட்டும் என்று எடுத்து வைத்ததாம். அதற்குள் இரண்டு ஜெயபாலன்கள் போகலாம்.

"நீங்க வாசிக்கணுமாம். கேட்டு முடிச்சிட்டுத்தான் பேசுவாராம்," என்றார் தெய்வானை.

ஜெயபாலன் வாசித்தான். முதலில் நாக்கு ஒட்டியது, பிறகு ஓட்டம் வந்தது. பரமேஸ்வரா மரத்தடியில் இளைப்பாறினார். சீனத்துக் கப்பல்கள் வந்தன. போர்த்துகீசியர் கோட்டை கட்டினார்கள், அதன் கல்லும் சுண்ணாம்பும் வந்த வழி விவரிக்கப்பட்டது. கோப்பி வந்து ஆறி, எடுத்துப்போய், வேறு கோப்பி வந்தது. தெய்வானை ஒரு மரக்கால் அரிசியில் கல் பொறுக்கி முடித்தார். டச்சுக்காரர் கடலில் தெரிந்தபோது ஜெயபாலன் தண்ணீர் குடிக்க நிறுத்தினான்.

கலியாணசுந்தரம் கையை உயர்த்தினார். ஒரு நாள் முழுக்கச் சேர்த்த குரலைச் செலவு செய்யத் தொடங்கினார். முதல் வார்த்தை:

"நீளம்."

ஜெயபாலன் தாளைக் கீழே வைத்தான்.

"நாடு சுதந்திரம் வாங்கி வீட்டுக்குப் போயிரும், செயலாளரே. நீங்க இன்னும் போர்த்துகீசியரைத் தாண்டல. நான் பேசியிருந்தா இதுக்குள்ள பாதிப் பேருக்கு விடுதலை குடுத்திருப்பேன்."

அடுப்படித் திரைக்கு அந்தப் பக்கம் தெய்வானை சிரித்துவிட்டார். அதைக் கேட்டுக் கலியாணசுந்தரத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உதட்டின் ஓரங்கள் மேலே ஏறவில்லை. பல்லைக் காட்டி உறுமுகிறவர்போல் இருந்தது. சிரித்த வாயோடு கோப்பியைக் கொஞ்சம் உறிஞ்சினார். அது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. இருமப் பார்த்தார். இருமல் எழும்பவில்லை. கையிலிருந்து மோவாய் நழுவி, தலை மார்பில் விழுந்தது. மூச்சு சின்னச் சின்னத் துண்டுகளாக வந்தது. பிளாஸ்திரி போட்ட ஒரு கண் மட்டும் திறந்து, ஜெயபாலனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தெய்வானை ஓடி வரவில்லை, நடந்தே வந்தார். பழகிய கையால் தலையை நிமிர்த்தித் தம் வயிற்றோடு சாய்த்துக்கொண்டு, மூக்கைத் துடைத்து, நெஞ்சைத் தடவிக் கொடுத்தார். மூச்சு ஒருவழியாகச் சீராக வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

"நாலு நாளா இப்படித்தான் தம்பி. சாயங்காலம் ஆனா கஞ்சிகூட இறங்க மாட்டேங்குது. சிங்கப்பூர்லேர்ந்து பதில் வந்துச்சான்னு தபால்காரரைத் தினமும் கேக்கிறேன். அவரு என்னைப் பாத்தா சைக்கிளைத் திருப்பிக்கிறாரு."

"அக்கா, நான் இன்னும் அனுப்பல," என்றான் ஜெயபாலன்.

தெய்வானை அவனைப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த பேச்சைப் பார்த்தார். அதன் கனத்தைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்தது அவனுக்குத் தெரிந்தது.

"இவ்வளவு தாள் கிடைச்சுது, அதுக்கு ஒரு தாள் கிடைக்கலியா?" என்றார். கணவரின் தலையை விடாமல், காலால் முக்காலியை மேசைப் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. கேளுங்க, சொல்றேன்."

அவன் புதுத்தாள் எடுத்து எழுதத் தொடங்கினான். காலையில் எழுந்ததும் குரல், நடை, பார்வை. பசியாறும்போது எத்தனை வாய் மெல்கிறார், எப்போது தாடையைக் கையால் தாங்குகிறார். பொருள் இரண்டாகத் தெரிவது எப்போது. சாயங்காலம் விழுங்குவது, மூச்சு. தெய்வானை தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு போனார்.

"கையில பலம் எப்படி? போத்தல் மூடி திறப்பாரா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரு எந்த மூடியும் திறந்ததில்ல. அதை வியாதியில சேக்காதீங்க."

கலியாணசுந்தரத்தின் விரல் எழுந்தது. கடிதத்தின் தொடக்கத்தைக் காட்டிக் காற்றில் ஒரு பெரிய வளைவு போட்டது. சிங்கப்பூர் டாக்டருக்கு ஒரு முன்னுரை வேண்டுமாம். ஜெயபாலன் பார்க்காததுபோல் அடுத்த பத்திக்குப் போனான்.

எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. அவன் கொடியில் தொங்கிய கோட்டை ஒரு தடவை பார்த்தான். பிறகு கடைசிப் பத்தியாக இதை எழுதினான்: இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி நடக்கும் சுதந்திர விழாவில் முக்கிய உரை ஆற்ற வேண்டியவர் இவரே, ஆகையால் மருந்தை மறுதபாலிலேயே அனுப்பிவைக்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தாளைக் கலியாணசுந்தரத்தின் திறந்த கண்ணுக்கு நேராகப் பிடித்தான். அவர் மெதுவாகப் படித்தார். கடைசிப் பத்திக்கு வந்ததும் கண் நின்றது. ஜெயபாலனைப் பார்த்தது, திரும்பப் பத்திக்குப் போனது. சேர்த்து வைத்ததில் மிச்சம் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"போர்த்துகீசியரை எனக்குக் குடுங்க," என்றார், மூக்கால். "டச்சுக்காரங்க உங்களுக்கு."

"வேணாம் தலைவரே. எல்லாரையும் நீங்களே வச்சுக்குங்க."

டாக்டரின் குறிப்பையும் சேர்த்து மடித்து உறைக்குள் வைத்தான். உறையின் பசை மலாக்காப் புழுக்கத்தில் எப்போதோ போயிருந்தது. தெய்வானை பானையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை எடுத்துவந்தார். அதை நசுக்கித் தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினான். முகவரியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தான்.

கடைத்தெருச் சடக்கில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனபோது சேதுராமன் கடை வாசலிலிருந்து கூப்பிட்டார். "என்ன தம்பி இவ்வளவு வேகம்?"

"தபாலாபீசுக்கு அண்ணே. தலைவர் கடுதாசி."

சேதுராமன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "மருந்து எப்ப வரும்?"

"முப்பத்தொண்ணுக்கு முன்னால."

சேதுராமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு எனக்கு மூவார்ல ஒரு கல்யாணம் இருக்கு," என்றார்.

"யாருக்கு?"

"விசாரிக்கணும்."

ஜெயபாலன் போய்ச் சேர்ந்தபோது தபால்காரர் பெட்டியைத் திறந்து, உள்ளே கிடந்ததை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தான். அவர் முகவரியைப் படித்தார், பேரைப் படித்தார்.

"இது அந்தம்மா வீட்டுதா?"

"ஆமா."

தபால்காரர் பெருமூச்சு விட்டார். உறையைக் கட்டின் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டி, சைக்கிளில் ஏற்றினார்.